கை தூக்கினால் உட்காரும் நாய்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருக்கும். சொல்வது முன்னும் பின்னுமாக வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஞாபகமும் முன்போல இல்லை. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே சில நாள் தெரிவதில்லை. ஆனால் இங்கே எழுதப் போகிற காரியம் மட்டும் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் என்னை விடவில்லை. அதிலும் ஒரே ஒரு இடம் மங்கலாக இருக்கிறது. அந்த இடத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், நாய் வளர்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். சாயங்காலம் கீழே கொண்டுவந்து பழக்குவாள். இடுப்பில் ஒரு சின்னப் பை, அதற்குள் பிஸ்கட் துண்டுகள். கையைத் தலைக்கு மேலே தூக்குவாள், நாய் உட்காரும், உடனே ஒரு துண்டு கொடுப்பாள். அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஓடிவந்து வெங்காயத்தை எல்லாம் பொறுக்கிக் கொடுத்தாள்.

"பாட்டி, நாய்னா பயமா? ஒண்ணும் செய்யாது லா. ரொம்ப குட் பாய்."

"ஆமாம்மா, பயம்" என்றேன். பொய்தான்.

"இப்ப அடிக்கவே கூடாது பாட்டி. இப்படிப் பொறுமையாத்தான் டிரெயின் பண்ணணும். உங்க காலத்துல எல்லாம் அடிச்சுத்தானே வளர்த்தாங்க?"

லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது ஐம்பதுகளின் நடுவில். மாமனார் பால்காரர். சிராங்கூன் ரோட்டை விட்டு உள்ளே போய், ஒரு சந்து முடிகிற இடத்தில் அவருடைய மாட்டுக்கொட்டகை இருந்தது. தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருவேன். முன்னால் கொட்டகை, பின்னால் நாங்கள் குடியிருந்த அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு, எதிரே ஒரு சீனக் குடும்பத்தின் கரிக்கடை. என் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே பால் டின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் பாத்திரத்தோடு வந்து கொட்டகையிலேயே வாங்கிப் போவார்கள். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டதால் அந்த வீட்டில் பெண் என்று நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. மருமகள் மாமனாரோடு நேரே பேசக் கூடாது. அவர் காதில் விழும்படி குரலை உயர்த்தவும் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீட்டுக்காரர் மூலமாகச் சொல்ல வேண்டும். அவர் பால் ஊற்றப் போயிருந்தால் மாட்டிடம்தான் சொல்ல வேண்டும்.

"செவலைக்குத் தவிடு தீந்து போச்சே" என்று நான் செவலை மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொல்வேன்.

மாமனார் அந்தப் பக்கம் திரும்பி நின்றபடி, "ஏன் செவலை, இதை நேத்தே சொல்றதுக்கு என்னா? கடைசி நிமிஷத்துல சொன்னா நான் என்ன வானத்துலேருந்தா கொண்டாருவேன்?" என்று மாட்டைக் கேட்பார்.

இப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை.

கொட்டகையில் ஒரு நாய் இருந்தது. தவிட்டு நிறம், முன்கால் ஒன்று மட்டும் வெள்ளை. காவலுக்கென்று குட்டியாக வாங்கி வந்தது. அதற்குப் பேர் கிடையாது. மாமனார் அதைக் கூப்பிட்டதே இல்லை, விரட்டத்தான் செய்வார். கொட்டகை வாசலில், தலைக்கு மேலே, அத்தாப்புக் கூரையில் ஒரு ரோத்தான் பிரம்பு செருகி இருக்கும். நாய் தவிட்டுத் தொட்டியில் வாய் வைத்தாலும் அடி, குரைத்தாலும் அடி, குரைக்காமல் தூங்கினாலும் அடி. மாமனார் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. மாட்டை அடிக்க மாட்டார், மகன்மேல் கை வைத்ததில்லை. நாயை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்தவர். வருஷம் தவறாமல் நாய்க்கு லைசென்ஸ் எடுத்து, அதற்குக் கொடுக்கிற தகர வில்லையைத் தோல் பட்டையில் கோத்து அதன் கழுத்தில் கட்டியிருந்தார். வில்லை இல்லாமல் தெருவில் திரிகிற நாயைச் சுடுவதற்கு அப்போதெல்லாம் லாரியில் ஆட்கள் வருவார்கள். வெறிநாய்க்கடிப் பயம் ஊரை விட்டுப் போகாத காலம். என்றைக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் சந்தில் இருக்கிறவர்கள் அவரவர் நாயை உள்ளே இழுத்துக் கட்டிவிடுவார்கள். கழுத்துப் பட்டைதான் நாய்க்கு உயிர்.

நான் வந்த மறுவருஷம் ஒரு மழைக் காலையில் அந்த நாய் ஒரு அம்மாவைக் கடித்துவிட்டது. யாழ்ப்பாணத்து அம்மா அவர். வீட்டுக்காரர் ஆபீஸில் கிளார்க். தினமும் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தோடு வருவார். அன்றைக்குக் கொட்டகைக்குள் வந்ததும் குடையை மேலே தூக்கி உதறினார். தொட்டிக்கு அடியில் கிடந்த நாய் பாய்ந்து வந்து காலைப் பிடித்துவிட்டது.

"ஐயோ! என்னைக் கடிச்சுப் போட்டுது! புதுச் சீலையையும் கிழிச்சுப் போட்டுது! பால் வாங்க வந்தனானோ, ஆஸ்பத்திரிக்குப் போக வந்தனானோ?"

பல் லேசாகத்தான் பட்டிருந்தது. நான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அவர் திட்டிக்கொண்டே காலை நீட்டினார். மாமனார் கூரைக்குக் கையை உயர்த்தி ரோத்தானை உருவினார். அப்புறம் நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை. அடித்து முடித்து மூச்சு வாங்க நின்று, அப்போதுதான் பால் ஊற்றிவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"தை பொறக்குற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இன்னொரு ஆளு மேல பல்லு வச்சா, நானே பட்டையைக் கழட்டி ரோட்டுல விட்டுடுவேன். லாரிக்காரன் பாத்துக்குவான்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

அந்த நாய் ஏன் கடிக்கிறது என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. மூங்கிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். புடவையை உதறக் கையைத் தூக்கியதும் நாய் தரையோடு தரையாகப் படுத்து, பல்லைக் காட்டி உறுமியது. கையை இறக்கினேன், உறுமல் நின்றது. மறுபடி தூக்கினேன், மறுபடி உறுமியது. அதற்கு மனுஷர் மேல் கோபம் இல்லை. தூக்கிய கை என்றால் அடுத்து ரோத்தான் வரும். அதற்கு முன்னால் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. அந்த அம்மா குடையைத் தூக்கினார், அவ்வளவுதான்.

எனக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் கன்று போட்ட மாடு மடியைத் தொட விடாமல் உதைக்கும்போது என் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று பார்த்திருக்கிறேன். கறக்கவே மாட்டார். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவார், எழுந்து போவார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே தடவுவார். மாட்டுக்குச் செய்வதை நாய்க்குச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

காலை வேலை முடிந்து மாமனார் புல்லுக்குப் போகிற நேரம்தான் எனக்குக் கிடைக்கும். ரொட்டிக் கரையைப் பாலில் நனைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்காருவேன். பார்க்கக்கூட மாட்டேன். ஒரு துண்டைப் பின்னால் போடுவேன். முதல் வாரம் அது நான் எழுந்து போன பிறகுதான் வந்து தின்றது. அப்புறம் நான் இருக்கும்போதே தின்றது. அதற்கப்புறம் கையை மடியிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, உடனே துண்டைப் போட்டேன். பல நாள் இடுப்பு உயரத்தோடு சரி. பிறகு தோள். அவசரப்பட்டு ஒருநாள் இடுப்பிலிருந்து நேரே தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். என் விரலைக் கடித்துவிட்டது.

துணி சுற்றிக்கொண்டு சமைத்தேன். அரிவாள்மனையில் பட்டுவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்து பார்க்காமலே மகனைக் கேட்டார்:

"ஏன்டா, நம்ம வீட்டு அரிவாமனைக்குப் பல்லு மொளச்சிருக்கா?"

என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. "புதுசாத்தான் சாணை புடிச்சிருக்குப்பா" என்றார்.

"அப்ப சரி" என்று சொல்லி மாமனார் மோர் ஊற்றிக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பட்டையைக் கழற்றவில்லை. அன்றைக்கு நான் அடுப்புக்குப் பின்னால் போய் அழுதேன்.

மறுநாள் கொட்டகையில் அவர் காதில் விழும்படி செவலையிடம் சொன்னேன்: "இந்த நாயி என்கிட்ட இப்ப உறுமுறதில்ல. ஆனா கம்பைப் பாத்தா பழசு எல்லாம் திரும்பி வந்துடுது."

சாணியை வாரி முடித்துக் கையைக் கழுவிய பிறகு சொன்னார்: "செவலை, அந்தக் கம்பை எடுத்து அடுப்புல வச்சுக்கச் சொல்லு. எனக்கு வேற கம்பு வேணும்னா வாங்கிக்கிறேன்."

வாங்கவில்லை.

அதோடு விடவில்லை நான். நாய் அதிகம் பயந்தது அவருக்குத்தான், அதனால் அவர் கையிலிருந்தும் அதற்குத் தின்ன வர வேண்டும். அதையும் செவலையிடமே சொன்னேன். "நானா? நாய்க்கு ஊட்டிவிடுறதுக்கா அப்பனும் ஆத்தாளும் என்னைக் கப்பல் ஏத்தி அனுப்பிச்சாங்க?" என்று மாட்டைப் பார்த்துக் கத்தினார். மூன்றாம் நாள் பார்க்கிறேன், தூணுக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காத மாதிரி, ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கையைத் தூக்குகிறார், இறக்குகிறார், தூக்குகிறார். நாய் ஆறடி தள்ளி நடுங்கிக்கொண்டு நின்றது. கடைசியில் துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போனார்.

மார்கழி மாதம் வந்தபோது, யார் கையைத் தூக்கினாலும் அந்த நாய் அப்படியே உட்கார்ந்துவிடும். வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு முகத்தை நிமிர்த்திப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. அடி வாங்கின பிராணி தூக்கிய கையை அப்படிப் பார்ப்பதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்து அம்மா பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னால் வேண்டுமென்றே குடையைத் தூக்கிப் பார்த்தார். நாய் எதிரே வந்து உட்கார்ந்தது.

"என்ன பிள்ளை இது! உங்கட நாய் பள்ளிக்கூடம் போகுதோ? என்ர மூத்தவன் இவ்வளவு சொல்வழி கேக்கமாட்டான். அவனையும் இஞ்ச கொண்டந்து கட்டிவிடட்டோ?"

மாமனார் பாலை அளந்துகொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது மாட்டுப்பொங்கல் காலையைப் பற்றி எழுத வேண்டும்.

எங்கள் கொட்டகை வழக்கப்படி, அன்றைக்கு மாடுகளைக் குளிப்பாட்டியதும் பழைய கயிற்றை எல்லாம் அவிழ்த்துவிடுவோம். பூசை முடிகிற வரைக்கும் கழுத்தில் பூமாலை மட்டும்தான். பூசை முடிந்து, பொங்கல் ஊட்டிய பிறகு மாமனார் தன் கையால் புதுக்கயிறு கட்டுவார். நான் கடைசி மாட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். நாய் வழியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. மாமனார் சொன்னார், மாட்டிடம் அல்ல, யாரிடம் என்று தெரியாமல் பொதுவாக:

"அதையும் குளிப்பாட்டி விடுங்க. பட்டையைக் கழட்டிட்டு ஒரு பூவைப் போடுங்க. அதுவும் நம்ம கொட்டகை உசுருதானே."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. நான்தான் பட்டையைக் கழற்றினேன். ஈரம் காயட்டும் என்று ஆணியில் மாட்டினேன். குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் ஒன்றைக் கழுத்தில் கட்டினேன். ஒரு கன்றுக்குட்டி வந்து அந்தச் சரத்தை இழுத்துத் தின்றுவிட்டது. நாய் திகைத்து நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். வேறு சரம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுப்பில் பால் பொங்குகிற நேரம்.

எதிர்க் கரிக்கடையில் என் வயதில் ஒரு சீனப் பெண் இருந்தாள், அந்த வீட்டு மருமகள். அவளும் என்னைப் போலத்தான், மாமியாருக்குப் பயந்து குரல் எழுப்பாதவள். நாய்க்குத் தினமும் மீன்முள் வைப்பாள். "அஞ்சிங் பண்டாய்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள், கெட்டிக்கார நாய் என்று. எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கும் நாய் வழக்கம்போல மீன்முள்ளுக்காகச் சந்தின் எதிர்ப்பக்கம் அவளிடம் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

கையெல்லாம் மஞ்சளோடு ஓடிவந்தேன். சந்து முனையில் லாரி நிற்கிறது. காக்கி உடுப்பில் ஒருவர் கையில் துப்பாக்கியோடு எங்கள் பக்கம் நடந்து வருகிறார். நாய் கரிக்கடையை விட்டு, சந்தின் நடுவில் எங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வெறுங்கழுத்து. ஓடிவந்திருந்தால் நாலு தாவலில் கொட்டகைக்குள் வந்திருக்கும்.

நான் கத்தினேன். "சுடாதீங்க! எங்க நாயி! சுடாதீங்க!"

என் வாழ்க்கையில் அந்த வீட்டில் நான் போட்ட முதல் சத்தம் அது. நாய் நின்றுவிட்டது. அதற்கு என் உரத்த குரலே தெரியாது. ஆறு மாதமாக நான் அதைக் கையால் மட்டும்தான் பழக்கினேன். மாமனார் இருக்கும்போது வாய்விட்டுக் கூப்பிட முடியாது என்று ஒரு வார்த்தைகூடப் பழக்கவில்லை. வா என்றால் வரத் தெரியாது. போ என்றால் போகத் தெரியாது. கூப்பிட ஒரு பேர்கூட இல்லை.

அது நின்றதும் நான் அந்த ஆளுக்குத் தெரியட்டும் என்று இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினேன்.

நாய் உட்கார்ந்தது.

வாலால் தரையைப் பெருக்கியது. முகத்தை நிமிர்த்தியது.

சுட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது. வில்லை இல்லாத நாய் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எவளோ ஒருத்தி அவருக்குத் தெரியாத பாஷையில் கத்துகிறாள். அது அவர் வேலை. பிறகு ஆணியில் தொங்கிய பட்டையைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரர் காட்டியபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கரிக்கடைப் பெண் முந்தானை இல்லாததால் சட்டையின் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு "காசியான், காசியான்" என்றாள், பாவம் பாவம் என்று.

கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம், அது எப்படி நடந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் சொன்னேன்: "அந்த ஆளு துப்பாக்கியைத் தூக்கினாரு. தீனி போடப் போறாருன்னு நெனச்சு உக்காந்துடுச்சு."

என் கையைப் பற்றிச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "தூக்குன கைன்னா பயப்படுற நாயி அது. நீ அந்தப் பயத்தை எடுத்துட்ட."

கோபத்தில் சொல்லவில்லை. நினைத்ததைச் சொன்னார். மாமனார் திரும்பி, "அவளை ஒண்ணும் சொல்லாத" என்றார். எழுந்து போய் மாடுகளுக்குப் புதுக்கயிறு கட்டினார். இருட்டுகிற நேரம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாய் இல்லை. நான் துணி காயப்போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் காலடியில் ஏதோ வந்து உட்கார்கிற மாதிரி இருக்கும். வால் தரையில் உரசுகிற சத்தம்கூடக் கேட்கும். குனிந்து பார்த்தால் வெறும் தரை. மாடி வீட்டுக்கு வந்த பிறகும், ஜன்னலுக்கு வெளியே மூங்கிலை நீட்டும்போது அதே சத்தம் கேட்டது. பஸ்ஸை நிறுத்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்கவே மாட்டேன். எத்தனையோ பஸ் என்னைப் பார்க்காமல் போயிருக்கிறது. பிள்ளைகள் மூன்று பேரை வளர்த்தேன், ஒருவர் மேலும் கை ஓங்கியதில்லை. அம்மா ரொம்ப அன்பு என்று அதுகள் சொல்லும். எனக்குத்தான் காரணம் தெரியும்.

அன்பாகப் பழக்கியது தப்பா என்று எத்தனையோ நாள் யோசித்தேன். தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாய் கடைசி இரண்டு மாதம் தொட்டிக்கு அடியில் படுக்கவில்லை, நடு முற்றத்தில் நாலு காலையும் நீட்டித் தூங்கியது. அது பொய்யாகாது. ஆனால் பயத்தை எடுக்கிறவள், அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்திருக்க வேண்டும். ஒரு குரல். ஒரு பேர். நான் வைக்கவில்லை.

அறுபதுகளில் கொட்டகைகளை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மாடுகளை விற்றோம். மாடி வீடு கிடைத்தது. மாமனாருக்குப் பேச மாடு இல்லாமல் போயிற்று. வராந்தாவில் உட்கார்ந்து, கீழே போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அவரும் நாள் முழுக்க ஒரே வீட்டில் இருப்போம், பேச்சே இருக்காது. சோறு வைத்தால் சாப்பிடுவார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, நேராக என்னிடமே பேசினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஆத்தா, அன்னைக்குப் பட்டையைக் கழட்டச் சொன்னது நான்தான்."

நான் கஞ்சியை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கொல்லணும்னு சொன்னப்ப அது சாகலை. நம்ம உசுருன்னு சொன்ன அன்னைக்குச் செத்துப்போச்சு. நான் சொல்லாம இருந்திருந்தா பட்டை கழுத்துல இருந்திருக்கும்ல?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை மாமா, பட்டை இல்லாவிட்டாலும் அது தப்பித்திருக்கும், வந்துகொண்டுதான் இருந்தது, நான் கத்தினேன், நின்றது, நான் கையைத் தூக்கினேன், உட்கார்ந்தது என்று. வாய் வரைக்கும் வந்தது. அவரிடம் நான் நேரே வாயைத் திறந்து சொன்னது இதுதான்:

"விடுங்க மாமா. கஞ்சி ஆறுது."

அவர் இரண்டு வாய் குடித்தார். அந்த வாரத்திலேயே போய்விட்டார். தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே போனார். என் வீட்டுக்காரரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருக்கும் நான் சொல்லவில்லை.

இதைத் திருத்தித் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷங்களை நான் தோராயமாகத்தான் எழுதியிருக்கிறேன், முடிந்தால் சரிபார்க்கவும். அதைவிட முக்கியமானது ஒன்று. நாய் உட்கார்ந்தபோது என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தது என்று எனக்கு ஞாபகம். ஆனால் ஆறு மாதம் தினமும் அது என் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கொண்டுவந்து நானே இங்கே வைத்துக்கொண்டேனோ என்னவோ. லாரிப் பக்கம் திரும்பி, தூக்கிய துப்பாக்கியைப் பார்த்து உட்கார்ந்திருக்கவும் கூடும். அப்படியானால் நான் வீட்டில் சொன்னது பொய் இல்லை.

பக்கத்திலிருந்து பார்த்தவள் கரிக்கடைப் பெண் ஒருத்திதான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வருஷம் எதிரெதிரேதான் இருந்தோம். கேட்கப் பயந்து, அவள் வாசலுக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். அவள் பாசிர் ரிஸ்ஸில் மகள் வீட்டில் இருப்பதாகச் சில வருஷத்துக்கு முன்னால் மார்க்கெட்டில் ஒருவர் சொன்னார். உயிரோடு இருந்தால், சீனமோ மலாயோ தெரிந்த யாராவது போய்க் கேட்டுச் சொல்லுங்கள். மாட்டுப்பொங்கல் அன்றைக்கு எதிர்வீட்டு நாய் யார் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்று. என்னைப் பார்த்துத்தான் என்று அவள் சொன்னாலும் மறைக்க வேண்டாம்.